ஏழாவது குதிரை

பொதிப்பட்டியலில் நான்காம் வரி:
குதிரை, ஏழு.
சுங்கத்து விக்கிரமபால கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
‘கோ அஸ்வயோ?’ என்றார். எங்கே குதிரைகள்,
எங்கே மிருக வைத்தியரின் கடிதம்.
கப்பலிலிருந்து இறங்கியவை
இருபத்து மூன்று மரப்பெட்டிகள் மட்டும்.
மூச்சுவிட ஒரு துளைகூட இல்லை.

அப்போது நான் கிளியரிங் கிளாக்.
கொட்டாஞ்சேனையில் அறை, துறைமுகத்தில் பகல்,
கார்பன் தாளின் நீலம் சோற்றுக் கையிலும்.

பெட்டியைத் திறந்தோம்.
குஞ்சம் கட்டிய பிரம்புகள் ஏழு.
அடுத்த வரி, காற்று: கறுப்புக் கொடி நான்கு.
ஆறு: ஒரு துடுப்பு.
நகரம்: செங்கல் வரைந்த நீலத் துணி,
மடிப்பில் கோட்டை வாசல் கசங்கியிருந்தது.
வெட்டுண்ட தலை: சிவப்புத் துணியில் ஒரு பொட்டலம்.
அதை மட்டும் அவர் அவிழ்க்கச் சொல்லவில்லை.

பட்டியலின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினார்:
‘குதிரை அல்ல.’
கையொப்பம், முத்திரை,
அத்தனையையும் திருப்பி அனுப்புவோம் என்று ஒரு பிணை.

மூன்று இரவு ஆட்டம். நான் பார்க்கவில்லை.
டிக்கற் தந்தார்கள்; அந்த வாரம் இரண்டு கப்பல்.

*

இருபத்தாறு வருடம் கழித்து
நான்ஜிங்கிலிருந்து தாங் ருவோலின் வந்தாள்,
முதுகுப்பையில் ஒரு குடை, ஒரு சுடுநீர்ப் போத்தல்.
கதையும் பாட்டும் வேண்டாமாம்,
அவற்றை எழுதியவர்கள் நிறையப் பேராம்.
பெட்டிகள் எத்தனை மணிநேரம் மழையில் நின்றன?
யார் தூக்கினார்கள்? தேநீருக்கு என்ன செலவு?
நடு ஆட்டத்தில் நாற்காலியை நகர்த்திவிட்டு
யார் கண்ணிலும் படாமல் திரும்பிப் போகிறவனின் சம்பளம்
எந்தப் பேரேட்டில் இருக்கிறது?
நாடகத்தின் வரலாற்றை இனிப்
பற்றுச்சீட்டிலிருந்து எழுதப்போகிறார்களாம்.
நான் சிரிக்கவில்லை. என்னிடம் பற்றுச்சீட்டு இருந்தது.

கரப்பான் தின்றது போக மீந்ததைச்
செட்டியார் தெருக் கந்தோரின் மேல்மாடியில்
விசிறியை நிறுத்திவிட்டுப் பிரித்தோம்.
ஒவ்வொரு தொகையிலும் அவள் விரல் நின்று நகர்ந்தது,
செபமாலை உருட்டுவதுபோல.
திரும்பிப் போன பட்டியலுக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.
குதிரை, ஆறு.

ஓரத்தில் அதே சிவப்பு மை,
விக்கிரமபாலவின் அதே சாய்ந்த எழுத்து:
‘ஒன்று இறந்தது. கோப்பை மூடலாம்.’

இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் படம் எடுத்தாள்.
கை நடுங்கியதால் இன்னொன்று.
‘அல்ல’ என்று எழுதியவர் ‘இறந்தது’ என்று எழுத
இடையில் என்ன நடந்தது? ஆட்டம் பார்த்தாரா?

தெரியாது என்றேன்.
அவரும் ஒருநாளும் போகவில்லை.

கடைசி நாள், ஏற்றி முடியும் நேரம்,
நாட்டாமி பிச்சமுத்து ஒரு பிரம்பை எடுத்து
இடக்காலைத் தூக்கி ஏறினான்.
பெட்டிகளோடு வந்த கறுப்புச் சட்டைக்காரன் குனிந்து
அவன் முழங்காலை ஒரு சாண் உயர்த்திவிட்டு
விலகி நின்றான்.
பிச்சமுத்து ஓடவில்லை. போனான்.
கொள்கலன்களைச் சுற்றி, கிரேனுக்குக் கீழே தலை குனிந்து,
எங்கள் ஆட்களை
அடையாள அட்டை பார்க்காமல் ஒருநாளும் விடாத வாசலில்
காவலாளி துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றி
குதிரைக்கு இடம் விட்டான்.
ஏறினவன் இறங்கவே இல்லை.
மறுநாள் வேலைக்கும் வரவில்லை.
விக்கிரமபால பார்த்துக்கொண்டு நின்றார்,
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி.

‘எங்கே புதைத்தார்கள்?’ என்று கேட்டாள் ருவோலின்.
பகிடியா, ஆராய்ச்சியா, முகத்தில் தெரியவில்லை.
ஜன்னலூடாக, கடலை நிரப்பிக்
கட்டடம் எழும் பக்கமாகக் கை காட்டினேன்.
அப்போது அங்கே தண்ணீர்தான்.
அதையும் எழுதிக்கொண்டாள்,
தேநீர்க் கணக்குக்குக் கீழே.